200 டாலர் கட்டினா சிங்கம் நம்ம வீட்டுப் பூனையா?

சஃபாரி போயிட்டு வந்தேன்னு சொன்னா எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "சிங்கம் வேட்டையாடினதைப் பார்த்தியா?" பார்க்கலை சாமி. பார்க்க முடியாம போனதுக்குக் காரணமே எங்க கும்பல்தான்.

போன ஆகஸ்ட், கென்யாவுல மசாய் மாரா. மேனேஜர்கிட்ட மன்றாடி லீவு வாங்கிப் போனது (அது தனிப் புலம்பல், விடுங்க). சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். புல்லுக்குள்ள நாலு பெண் சிங்கம், பின்னாடி புதர்ல குட்டிங்க, எதிர்ல வரிக்குதிரைக் கூட்டம். நாளைக்கு இருபது மணி நேரம் வரைக்கும் தூங்குற மிருகம் எழுந்து பதுங்குதுன்னா பசின்னு அர்த்தம். அதுக்கு ரொம்ப தூரம் துரத்துற தம் கிடையாது. ஒரு 30 மீட்டர் வரைக்கும் சத்தமில்லாம ஊர்ந்து போய்த்தான் பாயணும். அப்படியும் பாதிக்கு மேல கோட்டை விட்டுடும்.

எங்க வண்டி ஆறாவது. ஒரு மிருகத்தைச் சுத்தி அஞ்சு வண்டிக்கு மேல கூடாது, 25 மீட்டர் தள்ளி நிக்கணும்கறது அங்க விதி. டிரைவர் அதைச் சொல்லி தூரத்திலேயே நிறுத்தினார். "கிட்ட போங்க, டிப்ஸ் கவனிச்சுக்கறோம்"னு பின்சீட்ல ஒரு குரல். "தலைக்கு 200 டாலர் கட்டியிருக்கோம்ல?"ன்னு இன்னொண்ணு. நானா? லென்ஸ் மாத்திக்கிட்டிருந்தேன். வாயைத் திறக்கலை. கிட்ட போனா நல்லாருக்கும்னு உள்ளுக்குள்ள எனக்கும் நப்பாசை.

போனார். எங்களைப் பார்த்து மத்தவங்களும். எண்ணினப்போ பதினேழு வண்டி. அதுல ரெண்டு, சிங்கத்துக்கும் வரிக்குதிரைக்கும் நட்ட நடுவுல! வரிக்குதிரைங்க தலையைத் தூக்கிப் பார்த்துட்டு ஒரே ஓட்டம். ஒரு சிங்கம் எங்க வண்டி நிழல்லயே வந்து படுத்துடுச்சு. "சோ க்யூட்"டாம்.

இதுல கடுப்பு என்னன்னா, திரும்பி வந்து "அந்த ஊர்ல எவன் ரூலை மதிக்கறான்"னு டிரைவர் மேலயே பழி போடறாங்க. யோவ், ரூலை ஞாபகப்படுத்தினதே அந்த மனுஷன்தான்யா! அவருக்கு டிப்ஸ் வேணும், நல்ல ரிவ்யூ வேணும். அது தெரிஞ்சுதானே கழுத்தைப் பிடிக்கறோம்? 200 டாலர்ங்கறது 2024ல உயர்த்தின ஜூலை-டிசம்பர் சீசன் நுழைவுக் கட்டணம். நுழையறதுக்கு. அதோட சோத்துல மண்ணள்ளிப் போடறதுக்கு இல்ல.

"ஒரு வேளை பட்டினி கிடந்தா செத்தா போயிடும்?"னு ரூம்மேட் கேக்கறான். இதே மாராவுல சீட்டாக்களை வெச்சு 2018ல ஒரு ஆய்வு வந்துது. டூரிஸ்ட் அதிகம் வர்ற இடத்துல ஒரு ஈத்துக்குப் பிழைச்சு வளர்ந்த குட்டி சராசரியா 0.2. கம்மியா வர்ற இடத்துல 2.3. சிங்கம் வேற, சீட்டா வேறதான். சிங்கம் கூட்டமா வாழும், ராத்திரியில வேட்டையாடும், கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். எவ்வளவு தாங்கும்னு லோட் டெஸ்ட் பண்ண அது என்ன நம்ம சர்வரா?

நேத்து ஆபீஸ்ல ஒருத்தர் வந்தார். டிசம்பர்ல போறாராம். "உங்க டிரைவர் எவ்வளவு கிட்ட போவாரு?"

25 மீட்டர்னேன். "அவ்வளவுதானா?"ன்னு மூஞ்சி சுருங்கிப் போச்சு.