பெண்ணின் வீடும் ஆணின் பிரயாணமும்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதிலோ கல்முனைக்குடியிலோ பிரதான வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றினுட் புகுந்து, ஏதேனுமொரு வளவின் வாசலில் நின்று பார்ப்பவர், இக்கரையின் சொத்துரிமைச் சரித்திரம் முழுவதும் சுவரும் கூரையுமாகத் தம் கண்முன் நிற்பதைக் காண்பார். முன்னால் இருப்பது மூத்த மகளின் கல்வீடு; அவளுடைய விவாகத்தின்போது அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. பூசப்படாத சுவரும், மேல்தட்டுக்கென விடப்பட்ட கம்பிகள் துருவேறி நீட்டிக்கொண்டிருக்கும் கொங்கிரீட் தூண்களுமாகப் பக்கத்தில் நிற்பது, இன்னும் குமராக இருக்கும் இளையவளுக்கு உரியது. தாங்கள் பாடுபட்டுக் கட்டிய வீட்டை மூத்தவளுக்கு விட்டுக்கொடுத்த வாப்பாவும் உம்மாவும் பின்புறத்துத் தகரக் கொட்டிலுக்கு ஒதுங்கியிருப்பார்கள். மகனோ மாமி வீட்டில் இருப்பான். அல்லது கட்டாரில் இருப்பான்.

தாய்வழியாக வரும் குடிமுறையும், மணமகன் மணமகளின் வீட்டுக்குச் சென்று வாழும் சம்பிரதாயமும் கீழ்க்கரையின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானவை. லெவ்வைக் குடியென்றும் வரிசைநாச்சி குடியென்றும் வழங்கும் இப்பிரிவுகளில் ஒருவன் தன் தாயின் குடியையே சேர்ந்தவன். தன் குடியில் அவன் பெண்ணெடுப்பதும் வழக்கமன்று. பள்ளிவாசல் நிர்வாகத்திற் குடிக்கொரு மரைக்காயர் வீற்றிருந்த காலத்தை நம் மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆராய்ச்சி நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட தமது பெருநூலில் இவ்வொழுங்கை விரிவாக வருணித்திருக்கிறார். ஆயினும் நம்முடைய பாடசாலைப் புத்தகங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இதனைக் கேள்வியுறும் வெளியூர் முஸ்லிம் நண்பர்கள் சிலர், மார்க்கத்துக்குப் புறம்பான பழக்கமென்று முகம் சுளிப்பதுண்டு. அவர்கள் ஒருமுறை இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவின் மேற்குப் புறத்தை நோக்குவது நன்று. அங்குள்ள மலைநாட்டுக் கிராமங்களில் வாழும் மினாங்கபாவு மக்கள் இஸ்லாத்திற் பற்றுறுதி மிக்கவர்கள். உலகத்திலுள்ள தாய்வழிச் சமூகங்களுள் மிகப் பெரியது என்று சொல்லப்படுவதும் அவர்களுடையதே. கூரையின் இரு முனையும் எருமைக் கொம்புபோல் மேல்நோக்கி வளைந்த அவர்களது பெருவீடும், அதனைச் சார்ந்த நெல்வயலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். மேற்பார்வை மட்டும் தாய்மாமனிடம் இருக்கும். ஆண்பிள்ளை விவரமறிந்த வயதில் இராத்தங்கலைத் தொழுகை மடத்துக்கு மாற்றிக்கொண்டு, வாலிபனானதும் பொருளும் அறிவும் தேடிப் பிறதேசம் செல்ல வேண்டுமென்பது அவர்களது நியதி. மெரந்தாவ் என்பது அப்பிரயாணத்தின் பெயர். இந்தோனேசியாவின் நகரங்களிலெல்லாம் பாடாங் சாப்பாட்டுக் கடைகள் பரவியிருப்பதற்கு, வீடு சகோதரிகளுடையதாகையால் ஊரைவிட்டுப் புறப்பட்ட இந்த இளைஞர்களே முக்கிய காரணம்.

அங்கேயும் இது சச்சரவின்றி நிலைத்துவிடவில்லை. மக்காவிலிருந்து திரும்பிய சீர்திருத்தவாதிகளுக்கும் வழக்கத்தைக் காத்து நின்ற தலைவர்களுக்கும் இடையே 1803இல் மூண்ட பாத்ரி யுத்தம், ஒல்லாந்தர் இடையிற் புகுந்து 1837இல் அந்நாட்டைத் தமதாக்கிக் கொண்டதோடு முடிந்தது. பின்னர் காலப்போக்கில், முதுசொம் தாய்வழியே செல்லட்டும், ஒருவன் தானே சம்பாதித்தது ஷரீஅத்தின்படி பங்கிடப்படட்டும் என்னும் சமாதானம் உருவாயிற்று. மார்க்க அறிஞரும் நாவலாசிரியருமான ஹம்கா, 1938இல் எழுதிய தமது புகழ்பெற்ற நாவலில், தாய் வேற்றினத்தவளாகையால் தந்தையின் ஊரில் அந்நியனாக்கப்பட்ட ஓர் இளைஞனின் துயரத்தைக் கதையாக்கினார். எந்த நல்ல ஒழுங்கும் யாரையேனும் வாசலுக்கு வெளியே நிறுத்தாமல் இருப்பதில்லை.

நம் கரை, இரத்தம் சிந்தாமலே இதற்கொரு வழியைக் கண்டுகொண்டது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மகளின் பங்கு மகனுடையதிற் பாதி. ஆனால் அந்தப் பங்கீடு ஒருவர் விட்டுச்செல்லும் சொத்துக்கே உரியது. சீதனமாக உயிரோடிருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிட்டால், தகப்பன் கண்மூடும் வேளையிற் பங்கிடுவதற்கு வீடே எஞ்சியிருப்பதில்லை. இதன் பயனை விவாகம் முறிந்த குடும்பங்களிற் காணலாம்: புருஷன் தன் உடுப்புப் பையோடு வெளியேறுகிறான், பெண்ணும் பிள்ளைகளும் அதே கூரையின்கீழ், உம்மாவின் கூப்பிடு தூரத்தில் இருந்துவிடுகிறார்கள். கடுமையான சட்டங்களை இயற்றியும் பல தேசங்களிற் பெண்களுக்குக் கிட்டாத பாதுகாப்பு இது.

அதற்குக் கொடுக்கப்படும் விலையும் சிறியதன்று. "தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடியாம எனக்கென்ன கலியாணம்?" என்று சொல்லி வளைகுடாவுக்கு விமானமேறி, காதோரம் நரைத்த பிறகு மாப்பிள்ளையாகும் காக்காமார் நம்மிடையே அநேகர். வீடும் வளவும் இருந்தும் மேற்கொண்டு ரொக்கமும் கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி எழுதினாற் கோபமே மிஞ்சும். அன்றியும், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக நெருக்குண்ட ஒரு துண்டு மணல்நிலத்தை மகள்மாரின் கணக்குக்குத் தலைமுறை தலைமுறையாகக் கூறுபோட்டதால், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் அலை தொடும் தூரம்வரை சென்றுவிட்டன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, அதே சுமத்ராவை அடுத்த கடலடியிற் பிறந்த பேரலை இரண்டு மணி நேரமளவில் இங்கு வந்தபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிர்ச்சேதம் அம்பாறை மாவட்டத்துக்கே நேர்ந்தது. மாண்டவர்கள் பத்தாயிரத்துக்கு மேல்.

அலை கொண்டுபோனது போக, எஞ்சிய உரிமையைக் காகிதம் கொண்டுபோன கதையே என்னை இதனை எழுதத் தூண்டியது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் எவரும் மீளக் கட்டலாகாதென்று முதலில் விதித்து, பிறகு அத்தூரத்தைக் குறைத்து, இடம்பெயர்ந்தோருக்கு வேறு காணியும் வீடும் வழங்க முற்பட்ட அரசாங்கம், படிவத்தில் "குடும்பத் தலைவர்" யாரென்று கேட்டது. கேட்கப்பட்ட பெண்ணும் வழக்கப்படி கணவனின் பெயரைச் சொன்னாள். உம்மாவின் உம்மா காலத்திலிருந்து பெண்வழியே வந்த வளவுக்கு மாற்றாகக் கிடைத்த புதிய வீட்டின் பத்திரம் இவ்வாறு பல இடங்களில் ஆணின் பெயருக்குப் போய்ச் சேர்ந்தது. அரச காணியை அனுமதிப்பத்திரத்தில் ஆள்பவர்களுக்கான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ வாரிசுரிமையில் ஆண்மக்களையே முன்வைத்தது. அந்த அநீதி 2022இல் திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியும் படிவத்திலுள்ள கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை.

ஆகவே காணிக் கச்சேரி நடத்தும் பிரதேச செயலாளர்களுக்கும், வீடு வீடாகச் சென்று விவரம் எடுக்கும் கிராம உத்தியோகத்தர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. குடும்பத்துக்குத் தலைவர் யாரென்று கேட்பதை விட்டு, இழந்த வீடு யாருடையதென்று கேளுங்கள்; பதில் பெண்ணின் பெயரானால், புதிய உறுதியையும் அவள் பெயரிலேயே எழுதுங்கள். மீள்குடியேற்றத்தில் மனைவியின் சீதன வீட்டுக்கு ஈடாகக் கிடைத்த வீட்டைத் தம் பெயரில் வைத்திருக்கும் கணவன்மார், நொத்தாரிசிடம் சென்று அதனை அவளுக்கு நன்கொடை உறுதியாக மாற்றிக் கொடுப்பதற்கு அரசாங்கத்தின் அடுத்த சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.