சார்ஜரோடு கட்டிப்போடவா லேப்டாப்?

பிள்ளைகள் படிப்புக்கென்று சீட்டுப் பணத்தைப் போட்டு லேப்டாப் வாங்குகிறோம். ஆசையாய்த் திறந்தால் 'பேட்டரி இல்லை' என்று திரையில் வருகிறது. பேட்டரியோ உள்ளேதான் இருக்கிறது! கடையில் கேட்டால், "சார்ஜரை மாட்டியே யூஸ் பண்ணுங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். என் மகளுக்கு வாங்கியபோதும் இதே பதில்தான். கரண்ட் போனால் எழுதியதெல்லாம் போச்சே! அதற்கு மேஜைக் கம்ப்யூட்டரே வாங்கியிருக்கலாமே!

எல்லா நேரமும் பேட்டரி கெட்டிருக்காது என்பதும் நிஜம். சில கம்பெனிகள் பேட்டரியைத் தூங்க வைத்தே பெட்டியில் அனுப்புகின்றன. முதல் தடவை சார்ஜர் மாட்டினால்தான் விழிக்கும். அதற்கும் மசியாவிட்டால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி மாட்டிப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் அதற்கும் அசையவில்லை.

அதற்கு மேல் ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள். தெருமுனை மெக்கானிக்கும் வேண்டாம். பிரித்ததைச் சாக்காக வைத்து வாரண்டி இல்லையென்பார்கள். பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான் வாரண்டி. திரையைப் போட்டோ எடுத்து, பில்லோடு போய், எழுத்தில் புகார் கொடுத்து நம்பர் வாங்குங்கள். நான் கேட்டதற்கு, "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்றார்கள். பில் இருப்பது என் பேரில்!

இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது. இதை நான் சொன்ன பிறகுதான் கடைக்காரர் சர்வீஸ் சென்டருக்குப் போனையே எடுத்தார்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.