ஆலை மூடிய பின்னும் ஆட்டம்

உதைபந்தாட்டம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன பெருநகரங்களின் பேரரங்குகளும், பல்லாயிரவரின் ஆரவாரமும், கோடி கோடியாய் ஊதியம் பெறும் வீரர்களுமே. பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தை நிரப்புவனவும் அவர்களுடைய படங்களே. ஆயினும், உலகில் ஆடப்பெறும் உதைபந்தாட்டத்தின் மிகப் பெரும் பகுதி அவ்வரங்குகளில் நடைபெறுவதன்று. சிற்றூரின் ஓரத்திலே, சில வரிசைப் பலகை ஆசனங்களுக்கு முன்னால், பகலெல்லாம் வேலை செய்தவர்கள் மாலையில் கூடி ஆடும் ஆட்டமே அப்பெரும் பகுதியாகும். அத்தகைய ஆட்டத்தைக் காண்பதற்கு இவ்வாரம் வட ஐரோப்பாவிலுள்ள பின்லாந்து தேசத்துக்குச் சென்று வருவோம்.

பின்லாந்தில் ஆட்டப் பருவத்தை வகுப்பது பனியே. இங்கிலாந்திலே ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கும் பருவம், குளிர் காலம் முழுவதும் நடந்து மே மாதத்தில் முடியும். பின்லாந்திலோ குளிர் காலத்தில் திடல்கள் பனியின்கீழ் உறங்கும். ஆதலால் ஏப்ரல் மாதமளவில் தொடங்கி, ஒக்ரோபர் மாதமளவில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். தொடக்கத்தில் திடலின் ஓரத்திலே வழித்துக் குவித்த பனிமேடுகள் கிடக்கும்; முடிவில் குளிர்மழையும் மாலையிருளும் வந்து சேரும். இடையிலுள்ள கோடையோ அற்புதமானது. ஜூன் மாத நடுப்பகுதிக்குப் பின்னர் ஹெல்சிங்கி நகரிலே இரவு பத்தரை மணி கழிந்த பின்னரே கதிரவன் மறைவான். வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தை அண்மித்துள்ள ரொவானியெமி நகரிலே சில வாரங்களுக்கு அவன் மறைவதேயில்லை. மாலை ஆட்டத்துக்கு அங்கே விளக்கு வேண்டியதில்லை.

அந்நாட்டின் உதைபந்தாட்டச் சங்கம் 1907ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்றது. இன்று அதன்கீழ் நடைபெறும் போட்டிகள் ஏணிப்படிகள்போல் அமைந்தவை. உச்சியிலுள்ள பிரிவுக்கு 1992 முதல் ‘வெய்க்காவுஸ்லீகா’ என்று பெயர். அதற்குக் கீழுள்ள பிரிவுகளுக்கு அலங்காரப் பெயர்கள் இல்லை. ‘இக்கொனென்’, ‘கக்கொனென்’, ‘கொல்மொனென்’, ‘நெலொனென்’ என்று வரிசையாய் அழைக்கிறார்கள். அவற்றின் பொருள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பதேயன்றி வேறில்லை. 2024ஆம் ஆண்டிலே ‘இக்கொஸ்லீகா’ என்னும் புதிய பிரிவொன்று இரண்டாம் படியாக இடையிலே செருகப்பட்டமையால், ஏனையவை ஒவ்வொரு படி கீழிறங்கின. பருவ முடிவில் வென்றவர் ஏறுவர், தோற்றவர் இறங்குவர். எவ்வளவு பழம்பெருமை வாய்ந்த கழகமாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை.

நிற்க, இவ்வேணியில் ஏறியும் இறங்கியும் பழகிய ஓர் ஊரின் கதையை இனிக் காண்போம்.

தென்கிழக்குப் பின்லாந்தில் கிமியோக்கி என்னும் ஆறு ஓடுகின்றது. காட்டு மரங்களையும் ஆற்றின் விசையையும் நம்பி அதன் கரையெங்கும் கடதாசி ஆலைகள் எழுந்தன. ஆலையைச் சுற்றி ஊர் எழுந்தது. ஊர் எழுந்த பின் பந்தாட்டக் கழகமும் எழுந்தது. அவ்வூர்களுள் ஒன்று மில்லிகொஸ்கி. ‘ஆலை’ என்னும் சொல்லும் ‘நீர்வீழ்ச்சி’ என்னும் சொல்லும் சேர்ந்தமைந்த பெயர் அது. சில ஆயிரம் மக்களே வாழும் இவ்வூரில் 1947ஆம் ஆண்டிலே ‘மிபா’ என்னும் கழகம் பிறந்தது.

இச்சிறு கழகம் செய்தவை சிறியனவல்ல. 1992ஆம் ஆண்டிலே அது பின்லாந்துக் கிண்ணத்தை வென்றது. அவ்வாண்டு அதன் அணியில் ஆடிய யாரி லித்மனென் என்னும் இளைஞர் அங்கிருந்து ஒல்லாந்தின் அஜாக்ஸ் கழகத்துக்குச் சென்று, 1995இலே ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியிலே விளங்கினார். அதே மில்லிகொஸ்கித் திடலில் ஆடிய மற்றோர் இளைஞர் சாமி ஹிபியா. அவர் வளர்ந்த வொய்க்கா என்னும் சிற்றூரும் அவ்வாற்றங்கரையிலுள்ள ஆலையூரே. உள்ளூர்க் கழகத்தில் ஆடத் தொடங்கி, மில்லிகொஸ்கி வழியாக ஒல்லாந்து சென்று, பின்னர் லிவர்பூல் அணியின் தலைவராகவும் உயர்ந்தார். 2005ஆம் ஆண்டிலே லிவர்பூல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது பின்களத்தைக் காத்து நின்றவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டிலே அவருடைய பழைய கழகமான மிபாவும் பின்லாந்தின் தேசியப் பட்டத்தைச் சூடிக்கொண்டது. ஆலையூருக்கு அதனினும் இனிய ஆண்டு வேறு வேண்டுமோ!

ஆயின், இன்பம் நெடுநாள் நிலைக்கவில்லை. மில்லிகொஸ்கி ஆலையிலே செய்யப்பட்டது சஞ்சிகைகளை அச்சிடுதற்குரிய கடதாசி. உலகெங்கும் மக்கள் கடதாசியை விட்டுத் திரையிலே வாசிக்கத் தொடங்கினர். கடதாசியின் தேவை குறைந்தது. வொய்க்கா ஆலை 2006ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. மில்லிகொஸ்கி ஆலை 2011ஆம் ஆண்டிலே கைமாறி, அவ்வாண்டின் இறுதியிலே மூடப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஊரின் பெயரிலுள்ள ஆலை பெயரளவில் மட்டுமே எஞ்சியது. ஞாயிறுதோறும் இப்பத்திரிகையைக் கையில் விரித்து வாசிக்கும் நமக்கும் இச்செய்தியில் ஒரு பாடம் இல்லாமலில்லை.

ஆலை மூடினால் கழகம் என்ன ஆகும்? சில ஆண்டுகள் தள்ளாடி நின்றது. இறுதியில், 2015ஆம் ஆண்டுப் பருவத்துக்கு உயர்பிரிவிலே ஆடும் பொருள்வலிமை அதற்கு இருக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் நாட்டின் பட்டத்தை வென்ற கழகம் ஒரு பந்துகூட உதைக்காமலே உச்சியிலிருந்து விலகியது. ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள கொட்கா நகரின் கழகம் அதே பருவத்தில் உயர்பிரிவிலே ஆடியது என்பதும் குறிப்பிடத்தக்கது. மேலே ஓரூர் தாழ, கீழே ஓரூர் உயர்ந்தது.

வேறொரு கழகமாயின் அத்துடன் கதை முடிந்திருக்கும். மில்லிகொஸ்கியிலோ முடியவில்லை. கழகம் கீழ்ப்பிரிவுகளுக்குச் சென்று, மீண்டும் படிப்படியாக ஏறத் தொடங்கியது. 2019ஆம் ஆண்டிலே அது இரண்டாம் படியாகிய இக்கொனென் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பருவத்தில் அதே பிரிவில் ஆடிய மற்றொரு கழகம் வல்கெயகொஸ்கி என்னும் ஊரின் ‘ஹக்கா’. அதுவும் கடதாசி ஆலையின் நிழலில் வளர்ந்த கழகமே. அதன் திடலின் பெயரே ‘ஆலைத் திடல்’ என்பது. 1934இலே தோன்றிய இக்கழகம் ஒன்பது முறை நாட்டின் பட்டத்தை வென்றது. இருந்தும் 2012ஆம் ஆண்டிலே கடைசி இடத்தை அடைந்து கீழிறங்கியது. பின்னர் ஏழு பருவங்கள் அது இரண்டாம் படியிலே கிடந்தது. ஒன்பது பட்டங்களின் நினைவைச் சுமந்துகொண்டு, ஆண்டுதோறும் சிற்றூர்த் திடல்களில் ஆடுவது எளிதன்று. 2019ஆம் ஆண்டுப் பருவத்திலே ஹக்கா இக்கொனென் பிரிவில் முதலிடம் பெற்று, 2020இலே மீண்டும் உச்சிக்கு ஏறியது. ஏழாண்டுக் காத்திருப்பு வீண்போகவில்லை.

அடுத்த ஆண்டு பெருந்தொற்று நோய் காரணமாகப் பருவம் கோடையின் நடுப்பகுதி வரை தாமதமாகியது. குறுகிய அப்பருவத்தில் ஒரே பிரிவில் மில்லிகொஸ்கியும் கொட்காவும் ஆடின. அம்முறை முதலிடம் பெற்று ஏறியது கொட்கா. அக்கழகத்தின் பெயருக்குக் ‘கொட்காவின் தொழிலாளர் பந்தாட்டக்காரர்’ என்று பொருள். ஐரோப்பிய வெற்றிக் கிண்ணப் போட்டிக்குப் பின்லாந்து முதன்முறையாகத் தகுதி பெறுவதற்குத் தகுதிச் சுற்றில் பத்து கோல்கள் அடித்த தேமு புக்கி, இளமையில் ஆடியது இக்கழகத்திலேதான்.

இனி, இக்கீழ்ப்பிரிவுகளின் வாழ்வு எத்தகையது என்பதையும் சிறிது நோக்குவோம். உச்சியை விட்டு இறங்க இறங்க ஊதியம் குறையும், பின்னர் இல்லாதொழியும். ஆடுபவர் பகலில் வேறு தொழில் செய்பவர் அல்லது மாணவர். வாயிலில் சீட்டு விற்பவரும், கோப்பி ஊற்றுபவரும், இரும்புத் தட்டியில் இறைச்சிச் சுருள் வாட்டி விற்பவரும் பெரும்பாலும் ஊதியம் பெறாத உள்ளூரவரே. பலர் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர். ஊரார் கூடி ஊதியமின்றிச் செய்யும் இத்தகைய பொதுப்பணியைப் பின்லாந்து மக்கள் ‘தல்கோ’ என்கின்றனர். களம் அறுப்பதும், கூரை வேய்வதும் பண்டைக் காலத்திலே இவ்விதமாகவே நடந்தன. இன்று அதே வழக்கம் பந்தாட்டத் திடலைக் காக்கின்றது.

கழகத்தை உயர்த்தியது ஆலையின் பணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆலை போன பின் அதைத் தாங்கி நின்றது பணமன்று. வேலையிழந்த தந்தை தன் மகனைப் பயிற்சிக்கு அழைத்து வருவதும், முதியவர் ஒருவர் வழக்கமான பலகையில் வந்து அமர்வதும், தோற்ற அணி அடுத்த வாரமும் காலணியைக் கட்டுவதுமே அதைத் தாங்கின. ஆலையை இழந்த ஊர் தன் பெயரை உரத்துச் சொல்வதற்கு வேறிடம் ஏது? வாரந்தோறும் அப்பெயரைச் சொல்ல இடமளிப்பது அத்திடலே.

வெற்றி பெறுவோரைப் போற்றுவதற்கு உலகம் எப்பொழுதும் ஆயத்தமாயுள்ளது. இறங்கிய பின்னும் ஆடுபவரைப் போற்றுவோர் சிலரே. விளையாட்டுப் பாடசாலையில் முதலிடம் தவறியமைக்காக மனம் சோரும் மாணவர்களும், தொழிலிலே ஒருமுறை வீழ்ந்தமைக்காக ஒதுங்கி நிற்கும் பெரியோரும் இவ்வூர்களை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று. ஏணியில் இறங்கியவருக்கும் அடுத்த படி ஒன்று உண்டு. பனி உருகும், ஏப்ரல் மாதம் மீண்டும் வரும், திடலிலே மீண்டும் கோடு கிழிப்பார்கள்.