ஆகஸ்ட் 27-க்கு எந்தப் பஞ்சாங்கம்?

திருப்பூரில் சனிக்கிழமை காலை நவக்கிரகச் சந்நிதியில் கூட்டம். மாலை கம்பெனிகளில் வாரச் சம்பளம். 2025 செப்டம்பரில் அப்படியொரு காலையில், ஓவர்லாக் டைலரான அக்கா ஒருவர் எள் முடிச்சை அகலில் வைத்து நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். எள்ளை முடிந்திருந்தது கறுப்புப் பனியன் துணி. கட்டிங் வேஸ்டில் எடுத்தது. “மேஷ ராசிங்க. விரயச் சனி வந்துருச்சாமா. அதானுங்க, ஒன்றரை ஷிப்ட் ஓடுனது இப்ப ஒரு ஷிப்டே முழுசா இல்ல” என்றார்.

அவருடைய கணக்கை அக்கறையோடு பார்க்க வேண்டும். ராசி என்று நாம் சொல்வது, பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம். சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டேகால் நாள். சனி வான்வட்டத்தைச் சுற்றிவர 29½ ஆண்டு. ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு. ராசிக்கு முந்தைய வீடு, ராசி, அடுத்த வீடு என்று மூன்றையும் சனி கடக்கும் காலமே ஏழரைச் சனி. மேஷத்துக்கு 12-ஆம் வீடான மீனத்தில் சனி நுழைந்தால் விரயச் சனி தொடங்கும்.

சனி மீனத்துக்கு எப்போது வந்தது? திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29. ஆனால் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில், பெயர்ச்சி 2026-ல்தான் என்று அறிவித்தது. சந்திரனின் போக்கை மட்டும் 248 சிறு வாக்கியங்களில் எண்ணாகப் பொதிந்துவைத்த மரபு வாக்கியத்தினுடையது. மனப்பாடமாகவே வானத்தைக் கணக்கிட்ட அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். பழைய சூத்திரங்கள் நாளாவட்டத்தில் வானத்திலிருந்து விலகின. அந்த விலகலை நவீன வானியலைக் கொண்டு திருத்தியது திருக்கணிதம்.

இடைப்பட்ட மாதங்களில்தான் அடி விழுந்தது. இந்தியப் பொருட்களுக்கு முதலில் 25 சதவீதக் கூடுதல் வரி விதித்த அமெரிக்கா, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குகிறது என்பதற்காக இன்னொரு 25 போட்டது. 2025 ஆகஸ்ட் 27 அன்று மொத்தம் 50 ஆனது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போவது அந்த நாட்டுக்கு. அன்றைக்கு மேஷ ராசிக்குத் திருக்கணிதம் சொன்னது விரயச் சனி. வாக்கியப்படியோ சனி இன்னும் கும்பத்தில், மேஷத்துக்கு 11-ஆம் வீட்டில்: லாபச் சனி! ஒரே அக்கா, ஒரே தையல் மெஷின். ஒரு புத்தகத்தில் நட்டம், இன்னொன்றில் லாபம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். 12 ராசியில் எப்போதும் மூன்றுக்கு ஏழரை. அஷ்டமச் சனியையும் அர்த்தாஷ்டமச் சனியையும் சேர்த்தால் ஐந்து. நூறு பேர் தைக்கும் கம்பெனியில் எந்த நாளிலும் சுமார் நாற்பது பேருக்குச் சனி ‘சரியில்லை’. அவர்களில் யாருக்கு வேலை போனாலும் காரணம் தயாராக இருக்கிறது. மீதி அறுபது பேருக்குப் போனால்? தசை, புக்தி என்று தேட இடமா இல்லை?

2011 ஜனவரி 28-ஐ திருப்பூர் மறந்திருக்காது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அப்போது சனி கன்னியில். விருச்சிக ராசிக்கு லாப வீடு. பட்டறையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்களில் விருச்சிக ராசிக்காரர் இல்லாமலா போயிருப்பார்? சாயக்கழிவை ஆண்டுக்கணக்காக ஆற்றில் விட்டவர்களும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் மனிதர்கள்தான். தண்டனை கூலிக்காரருக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிக்கும் கிடைத்தது.

எள் விளக்கோடு எனக்குச் சண்டையில்லை. வாரம் முழுக்க நின்று தைக்கும் உடம்புக்கு அந்தக் கால்மணி நேர அமைதி வேண்டும். எனக்கு ஆறாதது, “உனக்கு நேரம் சரியில்லை” என்ற பேச்சு. அதை நம்பியவர், ஆர்டர் எவ்வளவு குறைந்தது, ஏற்றுமதியாளர் கொடுத்த விலைத் தள்ளுபடியில் எவ்வளவு தன் பீஸ் ரேட்டில் கழிந்தது என்று கேட்பதை விட்டுவிடுகிறார். சனியைக் கூலிப் பேச்சுவார்த்தைக்கு யாரும் அழைத்துவர முடியாது. சங்கங்கள் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனிகள் அதைத் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

அக்காவிடம் எந்த நாட்டுச் சரக்கு தைக்கிறீர்கள் என்று கேட்டேன். “அமெரிக்காவுக்குத்தானுங்க, ஆறு வருசமா” என்றார். வரியைப் பற்றிச் சொன்னேன். கையிலிருந்த எண்ணெயைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி கேட்டார்: “இத எங்ககிட்ட ஏனுங்க ஒருத்தரும் சொல்லல?”