ரெடிமேட் செயற்றிட்டம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

பாடசாலைக் கண்காட்சிக் காலம் நெருங்குகிறது. எம்பிலிப்பிட்டியவிலும் கொடக்கவெல, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களிலும் பெற்றோர் அதே கேள்வியோடு வரத் தொடங்கிவிட்டார்கள். "சேர், நல்ல ப்ரொஜெக்ட் ஒன்று செய்து தருகிற ஆள் யாராவது இருக்கா?"

இருக்கிறார்கள். பணம் கொடுத்தால் ஒரு பெட்டி வரும். உள்ளே ஒரு ஆர்டுயினோ போர்டு, சென்சர், பஸர், ஒரு சின்ன எல்.சி.டி. வெள்ள எச்சரிக்கை, யானை வேலி அலாரம், தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி, எது வேண்டுமோ அது. ப்ரோகிராம் ஏற்கனவே ஏற்றப்பட்டிருக்கும், கோட் மட்டும் தரமாட்டார்கள். கூடவே பிள்ளை மனப்பாடம் செய்ய ஒரு பக்கப் பேச்சு. பிறகு போட்டோ, சான்றிதழ், பள்ளிவாசல் வட்ஸ்அப் குழுவில் வரிசையாக "மாஷா அல்லாஹ்".

தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற நாங்கள் இதை எதிர்க்கிறோம். வெளிப்படையாகவே சொல்கிறோம்: இது பிள்ளைக்குச் செய்யும் உதவியே இல்லை.

ஒரு கண்காட்சியில் கண்ணால் பார்த்தோம். வெள்ள எச்சரிக்கைக் கருவிக்கு முன்னால் நின்ற நடுவர் அன்பாகத்தான் கேட்டார். "தண்ணீர் 30 சென்றிமீற்றர் தூரத்துக்கு வந்ததும் அடிக்கிறது, சரி மகன். 20க்கு மாற்றிக் காட்டுங்களேன்." ஒரே ஒரு எண்ணை மாற்றித் திரும்ப அப்லோட் பண்ணுகிற வேலை. லப்டொப்பில் எதைத் திறப்பது என்றே பிள்ளைக்குத் தெரியவில்லை. முகம் சிவந்து நின்றது அந்தப் பிள்ளைதான், பெட்டியை விற்றவர் அங்கே இல்லை. 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் நமது இரத்தினபுரி மாவட்டத்தை என்ன பாடு படுத்தின என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு வெள்ள எச்சரிக்கைக் கருவி விளையாட்டுச் சாமானா?

இதைச் சொன்னால் வாப்பாமார் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "பிள்ளையே செய்யட்டும் என்றுதான் போர்டு வாங்கிக் கொடுத்தோம் சேர். போர்டு பழுது. இரண்டாவதும் பழுது. அதற்குப் பிறகுதான் ஆளிடம் கொடுத்தோம்."

அந்தப் "பழுதான" போர்டுகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கிறோம். பெரும்பாலானவை நல்ல போர்டுகள்.

நானோவை எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளை மாட்டினால் விளக்கு எரிகிறது. அப்லோட் கொடுத்தால் "நொட் இன் சிங்க்" என்று பத்துத் தடவை வந்து நின்றுவிடுகிறது. பிள்ளை பயந்து மூடிவிடுகிறது. நடப்பது இதுதான்: சிப்புக்குள் பூட்லோடர் என்று ஒரு குட்டி ப்ரோகிராம் முன்கூட்டியே இருக்கிறது. கணினி அனுப்புவதை வாங்கிச் சிப்பில் எழுதி வைப்பது அதன் வேலை. பழைய பூட்லோடர் 57,600 என்ற வேகத்தில் பேசும், 2018இல் வந்த புதியது 115,200இல் பேசும். நாம் வாங்குகிற நகல் நானோக்கள் பலவற்றில் இன்னும் பழையதுதான் இருக்கிறது. கணினி ஒரு வேகத்தில் கேட்கிறது, போர்டு இன்னொரு வேகத்தை எதிர்பார்க்கிறது, இரண்டுக்கும் விளங்கவில்லை. டூல்ஸ் மெனுவில் ப்ரொசெசர் என்ற இடத்தில் "ஓல்ட் பூட்லோடர்" என்று ஒரு வரி உண்டு. அதைத் தெரிவு செய்தால் முடிந்தது. அந்த ஒரு வரிக்காக இரண்டாவது போர்டு வாங்கி, மூன்றாவதாக ஆளும் பிடித்திருக்கிறோம்!

இன்னும் சில "பழுதுகள்". போன் சார்ஜ் பண்ணுகிற சில கேபிள்களில் மின்சாரம் மட்டும் போகும், தரவுக் கம்பி இருக்காது. விளக்கு எரியும், ஆனால் போர்ட் பட்டியலில் போர்டின் பெயரே வராது. கேபிளை மாற்றினால் சரி. நகல் போர்டுகளில் யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் சி.எச்.340 என்ற சிப் இருக்கும், பழைய விண்டோஸில் அதற்கு ட்ரைவர் நிறுவ வேண்டும். புளூடூத் மொடியூலை 0, 1 பின்களில் மாட்டி வைத்துவிட்டு அப்லோட் பண்ணினால் ஏறாது, ஏனென்றால் கணினி பேசுவதும் அதே இரண்டு கம்பியில்தான். கழற்றிவிட்டு ஏற்றி, பிறகு மாட்ட வேண்டும். எல்.சி.டி. வெறும் நீலமாக நின்றால் பின்பக்கத்தில் உள்ள சின்னத் திருகை முதலில் திருப்பிப் பாருங்கள். அப்போதும் எழுத்து வராவிட்டால் கோட்டில் 0எக்ஸ்27 என்று இருப்பதை 0எக்ஸ்3எஃப் என்று மாற்றிப் பாருங்கள்.

இ.எஸ்.பி.32 வாங்கிய பிள்ளைகளின் கதை வேறு. நாலைந்து வருடத்துக்கு முந்திய யூடியூப் வீடியோவைப் பார்த்து மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கோட்டை எழுத்துக்கு எழுத்து அடித்திருப்பாள். வீடியோவில் ஓடுகிறது, இவளிடம் ஓடவில்லை. "எனக்கு இது வராது சேர்" என்று விட்டுவிடுகிறாள். பிள்ளையில் எந்தப் பிழையும் இல்லை. அந்த போர்டுக்கான மென்பொருள் தொகுப்பின் 3.0 பதிப்பு 2024இல் வந்தபோது பழைய கட்டளைகள் இரண்டை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தார்கள். போர்ட்ஸ் மனேஜரில் போய் 2இல் தொடங்கும் பழைய பதிப்பை நிறுவலாம், இல்லையென்றால் புதிய கட்டளையை எழுதலாம். எந்தப் பதிப்பில் வேலை செய்கிறோம் என்று ஒரு கொப்பியில் குறித்து வைக்கிற பழக்கம் இருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருக்க மாட்டாள்.

பெரிய இடங்களிலும் இதே வேலைதான். 1997 ஜூலை 4ஆம் திகதி செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் சில நாட்களில் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. பூமியில் வைத்திருந்த அதே மாதிரி இயந்திரத்தில் அதே கோளாறு வரும்வரை பொறியியலாளர்கள் ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில், இயக்காமல் விடப்பட்டிருந்த ஒரு செட்டிங்தான் காரணம் என்று பிடித்து, அதை இயக்குகிற மாற்றத்தை இங்கிருந்தே அனுப்பிச் சரிசெய்தார்கள். பிழை தேடுகிற வசதியை அகற்றாமல் மென்பொருளுக்குள்ளேயே விட்டுவைத்திருந்ததால்தான் அது முடிந்தது. நாம் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற பெட்டியில் கோட் கூட இல்லை.

மீலாத் மேடைகளில் அல்ஜஸரியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் 1206இல் முடித்த நூலில் ஒவ்வொரு கருவியையும் எப்படிச் செய்வது, எதை எதோடு பொருத்துவது என்று படம் போட்டு விளக்கியிருக்கிறார், இன்னொருவர் செய்து பார்க்கட்டும் என்று. அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு மூடின பெட்டியை வாங்குவது எந்த வகையில் சேர்த்தி என்று எங்களுக்கு விளங்கவில்லை.

"உயர்தரப் பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் உயர்தர ஐ.சி.டி. பாடத்திட்டத்தில் பொருட்களின் இணையம் ஒரு தனி அலகாகவே இருக்கிறது, கடைசியில் செயற்றிட்டமும் இருக்கிறது. நேரமில்லை என்று நாம் வெட்டி எறிவது பாடத்தையே. உண்மையாகவே நேரமில்லாத பிள்ளை கண்காட்சிக்கு வராமல் இருக்கட்டும். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளை பார்க்கிற வீடியோ சிங்களத்தில். எழுதுகிற பரீட்சை தமிழில். திரையில் வருகிற பிழை ஆங்கிலத்தில். மூன்றுக்கும் நடுவில் பிள்ளை திகைத்து நிற்பதை "மூளை இல்லை" என்று யாரும் சொல்லக்கூடாது. அடிக்கடி வருகிற பிழைச் செய்திகள் இருபது, முப்பதுதான். ஒவ்வொன்றுக்கும் தமிழில் இரண்டு வரி எழுதி ஆய்வுகூடச் சுவரில் ஒட்டுகிற வேலையைத் தொடங்கியிருக்கிறோம். முதல் தாளில் எழுதியிருப்பது: கடைசிப் பிழையை விடு, மேலே போய் முதல் பிழையை வாசி. ஒரு அரைப்புள்ளி விடுபட்டால் கணினி அடுத்த வரியைக் காட்டும், அதற்கு முந்திய வரியையும் பார்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறோம். சான்றிதழுக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்குகிற காசில் நல்ல கேபிள் பத்தும் நானோ ஐந்தும் ஆய்வுகூடத்துக்கு வாங்கித் தாருங்கள். நடுவர்களாக வருகிறவர்களே, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு எண்ணை மாற்றி உங்கள் முன்னால் அப்லோட் பண்ணச் சொல்லுங்கள். அப்லோட் ஆகாவிட்டால் பத்து நிமிடம் கொடுங்கள், அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுங்கள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மஃரிப் வரை ஆய்வுகூடம் திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். எந்தச் சமூகத்துப் பிள்ளையும் வரலாம், பெண் பிள்ளைகள் உம்மாவோடு வரலாம். காசு வேண்டாம். லப்டொப் இருந்தால் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள். பழுது என்று லாச்சியில் போட்டு வைத்திருக்கிற போர்டுகளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.