பெயர் இல்லாத குரல்கள்

"எல்லாத்தையும்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே சார், இன்னும் எதுக்கு அந்தப் பழைய டேப்பையெல்லாம் கட்டிக்கிட்டு அழறாங்க?" என்று காலை நடையில் ஒரு நண்பர் கேட்டார். அவர் வங்கியில் மேலாளராக இருந்தவர். பணியின் கடைசி ஒன்பது ஆண்டுகள் ஓர் ஒலிக் காப்பகத்தில் பழைய ஒலிப்பதிவுகளைப் பாதுகாக்கும் வேலையை மேற்பார்வை செய்தவன் நான். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் கேசட் வருவதற்கு முன்பே வானொலியிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஸ்பூல் டேப் இருந்தது. கால் அங்குல அகலம். ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடா. நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய அரை மணி நேரம் வரும். அதற்கும் முன்பு அரக்கில் செய்த 78 வேக இசைத்தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். இவற்றை அந்தந்தக் கருவியில் ஓடவிட்டு, வரும் ஒலியை எண்களாக மாற்றிச் சேமிப்பதுதான் வேலை. பாதுகாப்புக்கான பிரதி என்றால் உலக வழக்கம் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அந்தத் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் இரண்டு ஜிபி இடம் வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்பூலுக்கும் ஒரு வியாதி. பழைய அசிடேட் நாடாவில் புளிக்காடி வாசம் வரும். அந்த வாசம் வந்துவிட்டால் நாடா சுருங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பக்கத்து ஸ்பூல்களையும் கெடுத்துவிடும், தனியே எடுத்து வைக்க வேண்டும். பிற்காலத்துப் பாலியெஸ்டர் நாடாக்கள் சிலவற்றில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துப் போகும். ஓடவிட்டால் கீச்சென்று கத்தும், ஹெட்டில் பழுப்பு நிறத்தில் அப்பிக்கொள்ளும். இதற்கு வைத்தியம், ஐம்பது டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை வெளியேற்றுவது. அதே வைத்தியத்தை அசிடேட் நாடாவுக்குச் செய்தால் போயே போச்சு. ஆகவே முதலில் ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட். கடலோர ஊர் என்றால் பூஞ்சை வேறு.

இசைத்தட்டில் இன்னொரு சிக்கல். 78 என்று பெயர்தானே தவிர, ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. வேகம் ஆறு சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை மாறிவிடும். நாலு கட்டையில் பாடியவரை நாலரைக் கட்டையில் பாட வைத்துவிட்டு, "அந்தக் காலத்துச் சாரீரமே தனி" என்று நாம் வியந்துகொண்டிருப்போம்.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடிய வேலைகள். இரண்டு நல்ல இளைஞர்கள் கிடைத்தால் ஆறு மாதத்தில் தயார் செய்துவிடலாம். கருவிகளைக் காசு கொடுத்து வாங்கலாம், பழுது பார்க்கலாம். எத்தனை காசு கொடுத்தாலும் வாங்க முடியாதது ஒன்று உண்டு. அந்த நாடாவில் பாடுவது யார் என்ற தகவல். என் கட்சி இதுதான்: நம் காப்பகங்களில் முதலில் அழிந்துகொண்டிருப்பது ஒலி அல்ல, அந்த ஒலிக்கு உரியவரின் பெயர். ஆனால் பணமும் கவனமும் முழுக்க ஒலியின் பக்கமே போகின்றன.

1902ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தக் காலத்து அவரது தட்டுகளில் பாட்டு முடியும்போது அவரே ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார். பெருமைக்காகச் சொன்னதல்ல. தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில். அங்கே இருக்கும் தொழிலாளிக்கு நம் பாடகர் யாரென்று எப்படித் தெரியும்? லேபிள் மாறிவிடக் கூடாதே என்று பெயரையும் பதிவோடு சேர்த்துவிட்டார்கள். நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தும், லேபிள் கிழிந்து போனாலும், அந்தத் தட்டு தன் பெயரைத் தானே சொல்லும். பாதுகாப்பு என்றால் எனக்கு அதுதான்.

எங்கள் அலமாரியில் இருந்த பெட்டிகளைப் பாருங்கள். "கிராமியப் பாடல், 4 பெண்கள்." "நாதஸ்வரம், குழுவினர்." "பேச்சு, இலக்கியம், பாகம் 2." பாகம் ஒன்று எங்கே, பேசியவர் யார், எந்த வருஷம், ஒன்றும் கிடையாது. பெரிய வித்வான்கள் என்றால் பெயர் இருக்கும். அவர்களைக் குரலை வைத்தே ஆயிரம் பேர் அடையாளம் சொல்லிவிடுவார்கள். நடவுப் பாட்டுப் பாட வயலிலிருந்து அழைத்து வந்த பெண்களுக்குத்தான் பெயர் இல்லை. அவர்கள் தலைகளாக எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

அந்த "4 பெண்கள்" ஸ்பூலை ஓட்டியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவே பதிவை நிறுத்தாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு பெண் இருமுகிறாள். இன்னொருத்தி, "ஏ செல்லத்தாயி, அடுத்தத நீ எடுத்துக் குடு" என்கிறாள். தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். அவ்வளவுதான். நால்வரில் ஒருத்தியின் பெயர் அந்தப் பேச்சில் மட்டும்தான் இருக்கிறது, பெட்டியின் மேல் இல்லை. ஒலியைச் "சுத்தம்" செய்து தரும் ஒப்பந்தக்காரர் முதலில் வெட்டி எறிவது இந்த இருமலையும் பேச்சையும் ஹாரனையும்தான். மக்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு சுத்தப் பிரதி தனியே செய்துகொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதுகாப்புப் பிரதியில் மட்டும் ஒரு நொடியைக்கூட வெட்டக் கூடாது, கீறல் சத்தத்தைக்கூட எடுக்கக் கூடாது என்று கடைசி வரை நான் விடாப்பிடியாக இருந்தேன். சில பேருக்கு அதனால் என்னைப் பிடிக்காது. இருக்கட்டும்.

"நாதஸ்வரம், குழுவினர்" என்ற பெட்டிக்கு வருகிறேன். வயதான ஒரு தவில் வித்வானை அழைத்து வந்து அதைப் போட்டுக் காட்டினோம். எண்பது தாண்டியவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெட்டிக்குள் இருந்த சீட்டில் ஒரு பிரபல வித்வானின் பெயரைப் பின்னால் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள். இவர் தலையை ஆட்டினார். "இது அண்ணன் வாசிப்பு இல்லீங்க. அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல். தம்பிதான் வாசிச்சாரு. தவில் நான்" என்றார். பழைய சன்மானப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம். கையெழுத்துத் தம்பியுடையதுதான்.

அன்று எங்கள் பையன்களிடம் ஒரு விதியைச் சொன்னேன். பழைய சீட்டை அடித்துத் திருத்தாதே. அது தப்பாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே புதுத் தகவலை எழுது. யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது, எந்த ஆவணத்தோடு ஒத்துப் பார்த்தோம் என்பதையும் எழுது. நாளைக்கு இன்னொருவர் வந்து வேறு சொல்லலாம். முடிவு செய்யும் உரிமையை அவருக்கும் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பெரியவர் அன்று நாலு ஸ்பூல் கேட்டார். இன்னும் நிறைய இருக்கிறது என்றோம். "வண்டி மட்டும் அனுப்புங்க, வந்துடறேன்" என்றார். அந்த வண்டிச் சத்தத்துக்குக் கணக்கில் தலைப்பு இல்லை என்று மேலே சொல்லிவிட்டார்கள். கருவி வாங்கத் தலைப்பு உண்டு, ஏசி பராமரிப்புக்கு உண்டு, வெளியாள் ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு இல்லை. கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்தது. அனுமதி கைக்கு வந்தபோது அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. மீதி ஸ்பூல்களில் யார் வாசிக்கிறார்கள் என்று சொல்ல இன்று ஆள் இல்லை. ஒலி மட்டும் இருக்கிறது, மிகத் துல்லியமாக, 24 பிட்டில்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சர்வதேச ஒலி-ஒளிக் காப்பகச் சங்கமும் யுனெஸ்கோவும் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு முன் ஓர் எச்சரிக்கை விடுத்தன. 2025 வாக்கில் காந்த நாடாவை ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் கிடைப்பது அரிதாகிவிடும், அதற்குள் மாற்றிவிடுங்கள் என்று. அந்த ஆண்டு வந்தும்விட்டது. "பேர் அப்புறம் தேடிக்கலாம், முதல்ல சத்தத்தைக் காப்பாத்துவோம்" என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் சொல்வார். பேசுவதற்குக் கருவியே இல்லாமல் போய்விட்டால் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

அவசரம் உண்மைதான். ஆனால் எது அதிக அவசரம்? நல்ல நாடாவை ஈரமில்லாத, குளிர்ந்த அறையில் நிமிர்த்தி வைத்தால் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். எண்பத்தைந்து வயதுக்காரரின் ஞாபகத்துக்குக் குளிர் அறை கிடையாது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது என்பதும் இல்லை. மாற்றும்போது நாடா எப்படியும் ஓடத்தான் போகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒரு பெரியவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தால் போதும். இன்றைக்கு ஒப்பந்தங்கள் "இத்தனை மணி நேரம் மாற்றினால் இத்தனை ரூபாய்" என்று எழுதப்படுகின்றன. மணிக் கணக்குக்குக் கூலி கொடுத்தால் மணிதான் ஏறும். அடையாளம் தெரிந்த பதிவுக்குத் தனியே கூலி கொடுத்துப் பாருங்கள், பெயர்களும் ஏறும்.

என் நண்பரின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ஏற்றியாகிவிட்டது என்பதற்காக அசலைத் தூக்கி எறியக் கூடாது. ஹார்ட் டிஸ்க் சாகாவரம் பெற்றது அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்ற வேண்டும், வேறு வேறு இடங்களில் பிரதிகள் வைக்க வேண்டும், ஒரு எண்கூட மாறாமல் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றியதில் பிழை இருந்தால் திரும்பிப் போகக் கூடிய ஒரே இடம் அசல்தான். நாசா விஞ்ஞானிகளே அப்பல்லோ 11 நிலவிலிருந்து அனுப்பியதைப் பிடித்து வைத்த மூல நாடாக்களைத் தேடி அலைந்து, அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்கலாம் என்று 2009இல் ஒப்புக்கொண்டார்கள். தொலைக்காட்சி நிலையங்களிடம் பிரதி இருந்ததால் நாம் படத்தைப் பார்க்கிறோம். மூலத்தின் தரம் போனது போனதுதான்.

"காப்புரிமைச் சிக்கல், யாருக்கும் போட்டுக் காட்ட முடியாது" என்றும் ஒரு சாக்கு வரும். நம் நாட்டில் வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் 60 ஆண்டுகள். அதைத் தாண்டிய தட்டுகள் ஏராளம். லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே இருப்பதைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்கவும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வழி செய்திருக்கிறார்கள். சட்டம் சொல்வதைவிட நம் ஆட்களின் பயம்தான் பெரிதாக இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். காப்பகம் எங்கேயோ இருப்பது என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டியில் பத்துக் கேசட்டாவது இருக்கும். பாட்டி பாடிய தாலாட்டு, தாத்தா சொன்ன குடும்பக் கதை, சிங்கப்பூரிலிருந்து மாமா பேசி அனுப்பியது. முதலில் அதைப் பரணிலிருந்து இறக்குங்கள், அங்கே சூடு அதிகம். ஸ்பீக்கர், காந்தம் பக்கத்தில் வைக்காதீர்கள். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகளையும் உடைத்துவிடுங்கள், தெரியாமல் யாரும் மேலே பதிவு செய்ய முடியாது.

மாற்றிக் கொடுக்கப் பேரன் வரும் வரை காத்திருக்கலாம், தப்பில்லை. பெயர் எழுதுவதற்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு அட்டையில் யார் குரல், என்ன உறவு, எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம், பின்னால் சிரிப்பது யார் என்பதை எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் "சந்தேகம்" என்றே எழுதுங்கள். உங்கள் பெயரையும் தேதியையும் கீழே போட மறக்காதீர்கள். அந்தக் குரலைக் கேட்டதும் "இது நம்ம அத்தை" என்று சொல்லக் கூடியவர் வீட்டில் ஒருவேளை நீங்கள் ஒருவராக மட்டும் இருக்கலாம்.