விமானியின் உறக்கமும் பொதுநலனும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் விமான நிலையங்கள் கண்ட காட்சியை மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5-ம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்கவில்லை. திருமணத்துக்குச் செல்ல வேண்டியவர்கள், நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டவர்கள், ஊரில் நேர்ந்த சாவுக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் என மும்பை விமான நிலையத்திலும் பயணிகள் மணிக்கணக்கில் பரிதவித்தனர்.

இந்த நெருக்கடிக்குப் புயலோ மூடுபனியோ மூலகாரணமல்ல. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியும், இரவுப் பணியின்போது அவர்கள் ஆறு முறை வரை தரையிறக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தும் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் அமலாகியிருக்க வேண்டிய அந்த விதிகள், நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போடப்பட்டன. விமானிகள் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே, 2025 ஜூலை 1-ம் தேதி ஒரு பகுதியும் நவம்பர் 1-ம் தேதி மறு பகுதியும் நடைமுறைக்கு வந்தன. ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம் கிடைத்தும், நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும் நிறுவனம் அதற்கேற்பத் திட்டமிடத் தவறியது. திட்டமிடலில் பிழை நேர்ந்ததை அந்த நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது.

தவறியவர் நிறுவனத்தார்; தளர்த்தப்பட்டதோ விமானிகளின் ஓய்வு. வாராந்திர ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக் கூடாது என்ற நிபந்தனையை டிசம்பர் 5-ம் தேதி இயக்குநரகம் திரும்பப் பெற்றது. இரவுப் பணி தொடர்பான கட்டுப்பாடுகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10-ம் தேதி வரை விலக்கும் அளித்தது. அதன் பிறகு நிறுவனத்தின் கால அட்டவணையில் 10 சதவீதத்தைக் குறைக்க உத்தரவிட்டது உண்மையே. ஆயினும், நெருக்கடி வந்தவுடன் முதலில் பறிக்கப்பட்டது எது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழைய வரலாறு

இது புதிதல்ல. 2007 ஜூலையில் விமானிகளின் பணி நேரத்தை வரையறுத்து இயக்குநரகம் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன. 2008 மே மாதம் அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டு, 1992-ம் ஆண்டின் பழைய சுற்றறிக்கைக்கே மீண்டும் உயிர் தரப்பட்டது. விமானிகள் சங்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழு மும்பை உயர் நீதிமன்றத்துக்குச் சென்று தோற்றது. உச்ச நீதிமன்றமும் 2011 மே மாதம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அரசின் கொள்கை முடிவில் தலையிட நீதிமன்றம் முன்வரவில்லை. புதிய பணி நேர விதிகள் 2011-ன் பிற்பகுதியில்தான் வந்தன.

அந்த இடைவெளியில், 2010 மே 22-ம் தேதி அதிகாலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் மாண்டனர். தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதி உறங்கியிருந்தார் என்பதையும், உறக்கத்திலிருந்து எழுந்த மந்தநிலை அவரது முடிவெடுக்கும் திறனைப் பாதித்திருக்கக் கூடும் என்பதையும் விசாரணை நீதிமன்றம் பதிவு செய்தது. அவரது குறட்டை ஒலி விமானி அறையின் ஒலிப்பதிவில் கேட்டது. நிறுத்திவைக்கப்பட்ட விதியே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை கூறவில்லை. விடுப்பு முடிந்து வந்தவர் அவர். ஆனால், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மனித உடல் எப்படி இயங்கும் என்பது விமானப் பாதுகாப்பின் மையமான கேள்வி என்பதை அந்த விபத்து நாட்டுக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

கடன் சுமந்த இறக்கைகள்

இந்தியச் சிவில் விமானப் போக்குவரத்து மும்பையில் வேர்விட்டது. 1932 அக்டோபர் 15-ம் தேதி கராச்சியிலிருந்து தபால் பைகளுடன் ஜே.ஆர்.டி. டாட்டா ஜுஹூவில் வந்திறங்கினார். அங்கிருந்து அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுசென்றார். ஏர் இந்தியா, ஜெட் ஏர்வேஸ், கிங்ஃபிஷர் ஆகியவற்றின் தலைமையகங்கள் பல்லாண்டுகள் இங்கே இருந்தன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ் நடுத்தரக் குடும்பங்களுக்கு விமானத் துறை, வங்கிக்கும் ரயில்வேக்கும் அடுத்தபடியாகக் கண்ணெதிரே தெரிந்த வேலை வாய்ப்பு. விமானி என்றால் சீருடை, மதிப்பு, லட்சக்கணக்கில் சம்பளம் என்பதே இன்றும் வெளியுலகின் எண்ணம்.

சம்பளம் உண்மைதான். அதற்குக் கொடுக்கப்படும் விலையை மட்டும் யாரும் பேசுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்த ஒரு மாணவர் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதற்கு ஐம்பது லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சிக்கு மேலும் பல லட்சங்கள் வேண்டும். வீட்டை அடமானம் வைத்தும், தந்தையின் ஓய்வூதியப் பணத்தைக் கரைத்தும் பெறப்படும் உரிமம் இது. பயிற்சி முடிந்த நேரத்தில் நிறுவனங்கள் ஆள் எடுக்காவிட்டால், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

வேலை கிடைத்த பிறகும் நிலை உறுதியானதல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் திறன் சோதனை, குறித்த காலத்தில் மருத்துவச் சோதனை, பறக்கும் முன் மூச்சில் மது வாடை உண்டா என்ற சோதனை. இவற்றில் எதில் தவறினாலும் வருமானம் நின்றுபோகும். பயணிகளின் பாதுகாப்புக்கு இவை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், நோயைச் சொன்னால் உரிமம் போய்விடும் என்ற அச்சம் நோயை மறைக்கத் தூண்டும். 2020 ஆகஸ்ட் 7-ம் தேதி கோழிக்கோட்டில் 21 பேரைப் பலிகொண்ட விபத்தின் விசாரணை அறிக்கை, தலைமை விமானி மருத்துவர் பரிந்துரையின்றி நீரிழிவு மருந்துகளை உட்கொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. மறுநாள் காலை விமானத்தை இயக்க அங்கே போதிய தலைமை விமானிகள் இல்லாததும், எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதலை அவருக்கு ஏற்படுத்தியதாக அது கூறியது. ஆள் பற்றாக்குறை விமானி அறைக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2023 ஆகஸ்டில் நாகபுரி விமான நிலையத்தில் பணிக்கு வந்த இண்டிகோ விமானி ஒருவர், விமானம் ஏறும் வாயிலருகே மயங்கி விழுந்து இறந்தார். முந்தைய நாள் அதிகாலையில் விமானத்தை இயக்கிய அவருக்கு, அதன் பிறகு 27 மணி நேர ஓய்வு கிடைத்தது என்று கூறப்பட்டது. விதி மீறப்படவில்லை என்பதே அதன் பொருள். அவரது மரணத்துக்குக் களைப்பே காரணம் என்று யாரும் நிறுவிவிடவில்லை. ஆனால், ஓய்வு விதி போதுமானதா என்ற கேள்வி அதன் பிறகே நாடெங்கும் உரக்க ஒலித்தது. ஐந்தே மாதங்களில் புதிய விதிகள் வெளிவந்தன. 2025 ஜூன் 12-ம் தேதி அகமதாபாத்தில் 260 பேர் இறந்த விபத்துக்கு நான்கு நாள்களுக்குப் பிறகு, ஏர் இந்தியா விமானிகள் 112 பேர் ஒரே நாளில் உடல்நலமில்லை என்று விடுப்பு கேட்டதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இயந்திரத்துக்குப் பராமரிப்பு அட்டவணை வகுத்த துறை, அதை இயக்கும் மனிதரின் மனத்துக்கு என்ன வைத்திருக்கிறது?

ஒரு சொல், இரு பொருள்

நிறுவனம் விழும்போது விமானியின் நிலை என்ன என்பதையும் மும்பை இருமுறை கண்டது. 2012-ல் கிங்ஃபிஷர் முடங்கியபோது ஊழியர்களின் சம்பளம் பல மாதங்கள் பாக்கி நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதி தன் கடைசி விமானத்தை இயக்குவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே விமானிகள் சம்பளமின்றிப் பறந்தனர். அந்த நிறுவனத்தைக் கலைக்க 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐந்தரை ஆண்டுகள் காத்திருந்த ஊழியர்களின் பாக்கி, கடன் கொடுத்தோர் வரிசையில் சிக்கிக் கிடந்தது.

நிறுவனம் விமானியைக் கைவிடலாம். விமானி நிறுவனத்தை எளிதில் விட்டு விலக முடியாது. 2017-ல் இயக்குநரகம் கொண்டுவந்த விதியின்படி, தலைமை விமானி வேலையை விட ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். விமானிகள் திடீரென விலகினால் விமானங்கள் ரத்தாகும், பயணிகள் அவதியுறுவர், அது பொதுநலனுக்கு எதிரானது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2023-ல் 43 விமானிகள் விலகியதால் சிக்கலுக்குள்ளான ஆகாசா ஏர் நிறுவனம், முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காதவர்கள் மீது மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது.

ஆக, விமானி வெளியேறக் கூடாது என்பதற்கும் பொதுநலனே காரணம். விமானியின் ஓய்வைத் தளர்த்துவதற்கும் பொதுநலனே காரணம். பயணிகள் தவிக்கக் கூடாது என்ற ஒரே வாதம் இரு இடங்களிலும் தொழிலாளியின் பக்கமிருந்து மட்டும் விலையைக் கேட்கிறது. ஓராண்டு முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கத் தெரிந்த அரசு, ஈராண்டு முன்னறிவிப்பு கிடைத்தும் ஆள் சேர்க்காத நிறுவனத்திடம் அதே கண்டிப்பைத் தொடக்கத்திலேயே ஏன் காட்டவில்லை?

தாராவியின் பயணி

விமானிகள் தரப்பிலும் குறை இல்லாமலில்லை. 2012-ல் ஏர் இந்தியா விமானிகளின் ஒரு பிரிவினர் 58 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ட்ரீம்லைனர் பயிற்சி யாருக்கு என்ற சச்சரவுக்காகப் பயணிகள் இரு மாதம் அவதியுற்றனர். அந்தக் கசப்பு இன்னும் மறையவில்லை. லட்சங்களில் சம்பளம் வாங்குவோரின் குறைகளுக்குப் பொதுமக்களிடம் அனுதாபம் பிறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறுவனங்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஓய்வு கூடினால் கூடுதல் விமானிகள் தேவை. தலைமை விமானி ஒருவரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை விமானங்கள் குறையும், கட்டணம் உயரும். அந்தச் சுமை பணக்காரர் தலையில் மட்டும் விழாது. தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தமிழர் ஒரு காலத்தில் ரயிலை மட்டுமே நம்பியிருந்தவர். 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கிய குறைந்த கட்டணச் சேவைகளுக்குப் பிறகு, தாயின் உடல்நிலை மோசம் என்று தகவல் வந்தால் மதுரைக்கோ சென்னைக்கோ விமானம் ஏறிவிடலாம் என்ற நிலை வந்தது. கட்டணம் இரு மடங்கானால் முதலில் கீழே இறக்கப்படுபவர் அவர்தான். 2025 டிசம்பரில் மத்திய அரசு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என உச்சவரம்பு விதித்ததே, நெருக்கடி நேரத்தில் கட்டணம் எங்கே போகும் என்பதைக் காட்டும்.

ஆனால், அதே தாராவிப் பயணிதான் அதிகாலை நான்கு மணிக்குத் தரையிறங்கும் விமானத்தின் நடு இருக்கையிலும் அமர்ந்திருக்கிறார். அவருக்குச் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தித் தருவது விமானியின் உறக்கமாக இருந்தால், அது மலிவான பயணம் ஆகாது. ஆபத்து விமானத்தில் இருப்போரோடு முடிவதுமில்லை. 2018 ஜூன் 28-ம் தேதி ஜுஹூவிலிருந்து சோதனை ஓட்டமாகப் புறப்பட்ட சிறு விமானம் செம்பூருக்கு அடுத்த காட்கோபரில் விழுந்தபோது, அதிலிருந்த நால்வருடன் தெருவில் சென்ற ஒருவரும் மாண்டார். அந்த விபத்துக்கும் விமானிகளின் களைப்புக்கும் தொடர்பில்லை. நெரிசல் மிகுந்த மும்பையில் வானிலிருந்து ஒரு விமானம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் அது எச்சரிக்கை.

செய்ய வேண்டியவை

1934-ம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1-ம் தேதி முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆனால், ஒழுங்குபடுத்தும் இயக்குநரகம் இன்னும் அமைச்சகத்தின் நிழலிலேயே நிற்கிறது. துறையை வளர்க்க வேண்டிய அமைச்சகமே அதன் பாதுகாப்பு விதியைத் தளர்த்தவும் செய்யலாம் என்ற நிலை மாற வேண்டும். ஓய்வு விதிக்கு விலக்கு அளிப்பதானால், அதற்கான பாதுகாப்பு ஆய்வும் காரணமும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

பருவ கால அட்டவணைக்கு ஒப்புதல் தரும்போதே, அதை இயக்கப் போதிய விமானிகள் நிறுவனத்திடம் உள்ளனரா என்று சரிபார்ப்பது கடினமான வேலையல்ல. ஆள் இல்லையென்றால் விமானத்தைக் குறைக்க வேண்டும். ஆளின் ஓய்வைக் குறைக்கக் கூடாது. களைப்பையும் நோயையும் தெரிவிக்கும் விமானிக்கு வருமானப் பாதுகாப்பு வேண்டும். முன்னறிவிப்புக் காலம் விமானிக்கு ஓராண்டு என்றால், சம்பளம் தவறிய நிறுவனத்திலிருந்து உடனே விலகும் உரிமையும் அவருக்கு ஐயமின்றி உறுதி செய்யப்பட வேண்டும்.

மும்பையின் இரண்டாவது பெரிய விமான நிலையம் நவி மும்பையில் 2025 டிசம்பர் 25-ம் தேதி செயல்படத் தொடங்கியது. ஓடுபாதைகள் பெருகுகின்றன, புதிய விமானங்களுக்கான ஆணைகள் நூற்றுக்கணக்கில் தரப்பட்டுள்ளன. ஓடுபாதையைப் பணம் கொடுத்துக் கட்டலாம். விமானத்தைக் கடன் பெற்று வாங்கலாம். விடியற்காலையில் விழிப்போடு இருக்கும் விமானிக்கு, அதற்கு முந்தைய இரவில் உறக்கம் தரப்பட்டிருக்க வேண்டும். 2008-லும் 2025-லும் விட்டுக்கொடுத்ததை மூன்றாம் முறையும் விட்டுக்கொடுக்காதிருப்பதே மத்திய அரசின் முதல் கடமை.